கேத வீட்டில் சொன்ன ‘வாங்க’

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதக் கடைசியில், மணமேல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் என் காது மடல் சூடாகிவிடும். சும்மா சொல்லவில்லை, தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னால் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைப்பீர்கள். எங்களுக்கு ஊர் அன்னவாசல் பக்கம். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். சேலை விரித்துக் காட்டுகிற வேலை இல்லை. நான் வாசலில் நிற்கிறவள். கண்ணாடிக் கதவு திறந்தால் கைகூப்ப வேண்டும், சிரிக்க வேண்டும், “வாங்கம்மா வாங்க! வாங்கண்ணே வாங்க! சந்தோஷமா வாங்க!” என்று சொல்ல வேண்டும். ‘சந்தோஷமா வாங்க’ என்பது முதலாளியே யோசித்துச் சொன்ன வாசகம். அதை விட்டுவிட்டு வெறும் ‘வாங்க’ மட்டும் சொன்னால், கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிற மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார்.

வாசலில் நிற்பதற்கு என்ன பெரிய திறமை வேண்டும் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். நின்று பார்த்தால் தெரியும். கால் வீங்கியிருந்தாலும், காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும், கதவு திறந்ததும் முகம் மலர வேண்டும். ஏழெட்டு வருடம் இப்படி நின்றதில் அது என் கட்டுப்பாட்டில் இல்லாத காரியமாகவே ஆகிவிட்டது. ஒரு தடவை என் வீட்டுக்காரர் பீரோ கதவைத் திறந்தபோது நான் அந்தப் பக்கமாகத் திரும்பிக் கைகூப்பிவிட்டேன். அவர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார். நானும்தான் சிரித்தேன். பழக்கம் ஆளை எங்கே கொண்டுபோய்க் கவிழ்க்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஓர் அக்கா. எனக்கு நாத்தனார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நாத்தனார் என்றதும் எல்லோரும் ஒரு மாதிரி சிரிப்பார்கள். என் நாத்தனார் அந்த ரகம் இல்லை. என் மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கும் அம்மா இல்லை. என் முதல் பிரசவத்தில் அந்தக் கடலோர ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, தன் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, நாற்பது நாள் எங்கள் வீட்டில் தங்கி எனக்குப் பத்தியம் பார்த்தவர் அவர். சுறாப் புட்டு செய்து கொடுத்து, சாப்பிட்டு முடிக்கிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பிறந்த வீட்டில் நெருங்கிய ஆட்கள் என்று சொல்லிக்கொள்ள இருந்தது என் கணவரும் நானும்தான். அதிலும் பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான்.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். கடையில் நின்றுகொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. அண்ணியின் கணவர் இறந்துவிட்டார். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. “நான் பங்காளிகளச் சேத்துக்கிட்டு கோடித் துணி, மாலை எல்லாம் வாங்கிட்டு வேன்ல வாரேன். நீ டவுன்லேர்ந்து அப்படியே பஸ் ஏறிப் போயிரு. அக்கா தனியா கெடக்கும்” என்றார். குரல் உடைந்திருந்தது.

நான் கடைச் சேலையோடுதான் பஸ் ஏறினேன். வாசலில் நிற்கிற எங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி ரோஸ் கலரில் ஜரிகை போட்ட சேலை. பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் அதைக் கவனித்தேன். மாற்றிக்கொள்ள நேரமில்லை. அறந்தாங்கியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தேன். வழி நெடுக அண்ணியை நினைத்து அழுதுகொண்டே போனேன். போனதும் அவரை எப்படிக் கட்டிக்கொள்வேன், என்ன சொல்வேன் என்றெல்லாம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். துக்க வீட்டை எங்கள் பக்கம் கேத வீடு என்போம். கேத வீட்டில் யாரும் யாரையும் ‘வாங்க’ என்று சொல்ல மாட்டார்கள். திரும்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்றும் சொல்ல மாட்டார்கள். இப்படி ஒரு காரியத்துக்கு மறுபடியும் வரும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் காரணம். வருகிறவர்களைப் பார்த்து ஆண்கள் கையைத் தொட்டுக்கொள்வார்கள், பெண்கள் நேரே உள்ளே போய்க் கட்டிக்கொண்டு அழுவார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். தப்பு மேளச் சத்தம் காதை அடைத்தது. நேரே உள்ளே ஓடப் பார்த்தேன். அண்ணி வீட்டுப் பங்காளிகளில் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். அவர் கெட்ட எண்ணத்தில் நிறுத்தவில்லை. முறை அப்படி. பிறந்த வீட்டு ஆட்கள் மாலையும் கோடிச் சேலையுமாக எல்லோரும் சேர்ந்துதான் உள்ளே போக வேண்டும்.

“ஏத்தா, ஒன் வீட்டுக்காரரு வண்டி அறந்தாங்கி தாண்டிருச்சாம். பொறந்த வீட்டு சனம் ஒண்ணாச் சேந்து போகட்டும். அதுவரைக்கும் நீ இங்கிட்டு நின்னு வர்ற பொம்பளையாள்கள உள்ள அனுப்பிவிடு. ஒனக்கு இதெல்லாம் பழக்கந்தானே” என்றார்.

பழக்கம்தான். அதுதானே வினையாகப் போனது.

பந்தல் முகப்பில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியும், அதன் தலைமாட்டில் தலைவிரி கோலமாக அண்ணி உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. நான் வந்திருப்பது அவருக்குத் தெரியாது. பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு போக முடியாமல் தவித்தேன். வந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தேன். பெண்களைக் கையைக் காட்டி உள்ளே அனுப்பினேன். ஆண்களுக்கு நாற்காலி காட்டினேன். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

தப்படிக்கிறவர்கள் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து எனக்கு நேர் எதிரே நின்றது. ஐஸ் கம்பெனி முதலாளி வீட்டுப் பெண்களும் அங்கே வேலை பார்க்கிறவர்களும் வந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட கதவு. அதைச் சர்ரென்று தள்ளித் திறந்தார்கள். உள்ளேயிருந்து ஏசிக் காற்று குளுகுளு என்று என் முகத்தில் அடித்தது. நல்ல சேலை கட்டிய பெண்கள் வரிசையாக இறங்கினார்கள்.

என் கை இரண்டும் கூடின. என் முகம் மலர்ந்தது. கடையில் தெருமுனை வரைக்கும் கேட்கிற அதே குரலில், “வாங்கம்மா வாங்க! வாங்க வாங்க! சந்தோஷமா வாங்க!” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. யாரோ சொன்னது போல இருந்தது.

முதலில் இறங்கிய அம்மா ஒரு காலைப் படியில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். பந்தலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. டீக் கிளாஸோடு உட்கார்ந்திருந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறி இருமினார். ஒரு பெரியம்மா நெஞ்சில் கை வைத்து, “அடி பாவி மக்கா! எழவு வீட்டுல நின்னு என்னடி சொல்றா இவ!” என்றது ஊருக்கே கேட்டிருக்கும். இதில் எல்லாவற்றையும்விடக் கொடுமை என்னவென்றால், என் முகத்திலிருந்த சிரிப்பு போகவே இல்லை. உள்ளே நான் செத்துக்கொண்டிருக்கிறேன், வெளியே உதடு மட்டும் விரிந்தபடி நிற்கிறது. கையால் பிடித்து மூட வேண்டியிருந்தது.

அப்போதுதான் அண்ணி தலையை நிமிர்த்தினார். வீட்டுக்குள் இருந்து, பெட்டிக்கு மேலாக, நேரே என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி ஓடினேன். வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போய், அடிபம்புக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்த டம்ளர்களைக் கழுவ உட்கார்ந்துவிட்டேன். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினேன். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் வேன் வந்தது. தப்பு மறுபடி ஒலித்தது. பிறந்த வீட்டுச் சனம் கோடியோடு உள்ளே போகிற சத்தமும், அதைப் பார்த்து அண்ணி கதறுகிற சத்தமும் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தார். “மயக்கமா வருதுங்க, முடியல” என்று பொய் சொன்னேன். யாரோ எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். சாவு வீட்டில் எனக்கு உபசாரம் நடந்தது.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். பெண்களெல்லாம் தலை முழுகிவிட்டு அண்ணியைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் வேனில் போய் ஏறிக்கொண்டேன். கேத வீட்டில் சொல்லாமல் கிளம்புவதுதான் முறை. அந்த முறை அன்றைக்கு எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. அண்ணியைத் தொடாமல், ஒரு வார்த்தை பேசாமல், ஊர் வந்து சேர்ந்தேன்.

மற்ற உணர்ச்சிகளெல்லாம் பரவாயில்லை. பயம் வந்தால் போய்விடுகிறது. கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிடலாம். இந்தக் கூச்சமும் அவமானமும் மட்டும் அப்படி இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது வரும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது வரும். நடந்தது அப்படியே கண் முன்னால் ஓடும். நான் தனியாக இருக்கும்போதே “ஐயோ” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். என் மகள் என்னவென்று கேட்பாள். ஒன்றுமில்லை, கரண்டி சுட்டுவிட்டது என்பேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கட்டாயம் போயிருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி நேரம், லீவு தர மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். நான் லீவே கேட்கவில்லை என்பதுதான் உண்மை. என் வீட்டுக்காரர் தனியாகப் போய் வந்தார். வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அக்கா ஒன்னயக் கேட்டுச்சு” என்று மட்டும் சொன்னார். ‘கேட்டுச்சு’ என்றால் என்ன கேட்டிருப்பார் என்று நானே நூறு விதமாக நினைத்துக்கொண்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவாள் என்று கேட்டிருப்பாரோ? போன் பண்ணலாம் என்று நம்பரை எடுப்பேன். அந்தப் பார்வை ஞாபகம் வரும். வைத்துவிடுவேன்.

கடையிலும் எனக்கு வேலை ஓடவில்லை. கதவு திறக்கும். வாயைத் திறப்பேன். ‘வாங்க’ என்ற சொல் தொண்டையிலேயே நிற்கும். மேனேஜர் இரண்டு தடவை இறங்கி வந்து என்னம்மா உடம்புக்கு என்று கேட்டார். மூன்றாவது தடவை அவர் இறங்கி வருவதற்குள் நானே மேலே போய், வாசல் வேண்டாம், வேறு எங்கேயாவது போடுங்கள் என்று கேட்டுவிட்டேன். முதல் மாடியில் ஜாக்கெட் பிட் பிரிவில் போட்டார்கள். என் இடத்தில் ஒரு புதுப் பெண் வந்து நின்றாள்.

இதற்கு நடுவில் குடுமியான்மலைக் கோயிலில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. என் கொழுந்தன் முறையான ஒருவர் வாசலிலேயே நின்றுகொண்டு, நான் நுழைந்ததும் அதே மாதிரி கைகூப்பி, அதே மாதிரி பல்லைக் காட்டி, “சந்தோஷமா வாங்க மதினி!” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்களே. ஆனால் பந்தியில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. சொந்தபந்தம் முழுக்க இது பரவியிருக்கிறது, அண்ணிக்கு மட்டும் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இனிமேல் வாழ்நாளில் அவர் முகத்தில் விழிக்க முடியாது என்று முடிவே செய்துவிட்டேன்.

ஐப்பசி பிறந்தது. தீபாவளிக் கூட்டமும் கல்யாணக் கூட்டமும் சேர்ந்துகொண்டு கடையில் நிற்க இடமில்லை. ஒரு நாள் மத்தியானம், படியேறி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியின் மகள் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருப்பதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மகள் வந்திருந்தால் அம்மாவும் வந்திருப்பார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் நின்ற பெண்ணிடம், என்னை யாராவது கேட்டால் சாப்பிடப் போயிருக்கிறேன் என்று சொல் என்று கிசுகிசுத்துவிட்டு, துணி போட்டுப் பார்க்கிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நாற்பது வயதை நெருங்குகிற பொம்பளை. எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் என் மூஞ்சியைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

வெளியே அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது. “எங்க அத்தை இங்கதான் வேலை பாக்குறாங்க. வாசல்ல கேட்டேன், மாடியில இருக்காங்கன்னாங்க” என்றாள். சாப்பிடப் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. “அப்ப நாங்க கீழயே நிக்கிறோம்னு சொல்லுங்க. அம்மா வெளிய நிக்கிது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

கொஞ்சம் பொறுத்து வெளியே வந்தேன். எங்கள் பிரிவில் தெருவைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் உண்டு. துணிக்கட்டுகளுக்கு இடையில் நின்று மெதுவாக எட்டிப் பார்த்தேன்.

அண்ணி கடைக்கு வெளியே, படிக்கட்டு ஓரத்தில், பெரிய தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. மூன்றே மாதத்தில் பாதி ஆளாகிப் போயிருந்தார். நெற்றியில் ஒன்றுமில்லை. அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவர் ஏன் உள்ளே வரவில்லை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. நல்ல வெயில் வேறு.

அப்போது ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்து இறங்கியது. பெண், பெண்ணின் அம்மா, தாம்பாளத்தோடு நாலைந்து பேர். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள். அவர்களைக் கண்டதும் அண்ணி சட்டென்று நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டார். முதுகைத் திருப்பிக்கொண்டு, முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, அவர்கள் உள்ளே போகிற வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவு திறந்தபோது வாசலில் நின்ற புதுப் பெண், “சந்தோஷமா வாங்க!” என்று கூவினாள். அடுத்த கூட்டம் வந்தது. அண்ணி மறுபடியும் தூணுக்குப் பின்னால் போனார். யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ, முகம் சுளித்துவிடுவார்களோ என்று அவரே முந்திக்கொண்டு ஒளிந்துகொண்டிருந்தார்.

ஒரு குற்றமும் செய்யாத மனுஷி வெயிலில் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். நான் துணிக்கட்டுக்குப் பின்னால் நிற்கிறேன். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். அவர் நிற்கிற கோலத்தைப் பார்த்தபோதுதான் நான் மூன்று மாதமாக என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அவருக்கு ஊர் கொடுத்த கூச்சம். எனக்கு நானே வளர்த்துக்கொண்ட கூச்சம். இரண்டும் ஆளை ஒளியத்தான் வைக்கின்றன. இனிமேல் என்ன ஆனாலும் சரி, திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று படியிறங்கினேன்.

என்னைப் பார்த்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வி, “சாப்புட்டியாத்தா? அதுக்குள்ள ஏன் ஓடியாந்த, பைய சாப்புட்டு வரவேண்டியதுதானே?” என்பதுதான். சாப்பிடப் போயிருக்கிறேன் என்று நான் சொல்லச் சொன்ன பொய்யை அவர் நம்பியிருந்தார். எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.

“அண்ணி, அன்னைக்கு நான் புத்தி கெட்டுப் போய்… வாய் தவறி அப்புடிச் சொல்லிட்டேன். அதான் ஒங்க மொகத்துல முழிக்க முடியாம…” என்று ஆரம்பித்தேன்.

அண்ணி மறித்துச் சொன்னார். “பெறகு சொன்னாளுக, நீ இப்புடிச் சொன்ன, அப்புடிச் சொன்னன்னு. அப்ப எனக்கு அது ஒண்ணும் காதுல ஏறலத்தா. ஒஞ் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. எந்தம்பி பொண்டாட்டி வந்துட்டா, இனிமே எம் பக்கத்துல வந்து ஒக்காந்துக்குவான்னு தலைய நிமுத்திப் பாத்தேன். நீ அங்கிட்டுத் திரும்பிப் போயிட்ட.”

அவர் மஞ்சப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“வருவ வருவன்னு ரொம்ப நேரம் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். சாதாரணமாக, நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். அப்படியே அவரைக் கட்டிக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு முன்பு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அழுதிருக்க வேண்டிய அழுகையை, தீபாவளிக் கூட்டம் அலைமோதுகிற கீழராஜ வீதியில், பட்டப்பகலில், கடைச் சேலையோடு நின்று அழுதேன். அவரும் அழுதார். அவர் மகள் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேர் முதுகிலும் கை வைத்துக்கொண்டு நின்றாள். பட்டுப்பையோடு வெளியே வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். கடை செக்யூரிட்டி அண்ணன் என்ன ஏதென்று பதறி ஓடி வந்தார். தெருவே பார்த்தது. ஆச்சரியம் என்னவென்றால், எனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை.

அழுது முடித்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அண்ணி காலை ஊன்றிக்கொண்டார். “வேணாத்தா, நல்ல காரியத்துக்கு வர்ற சனம். நான் எதுக்கு எதுக்க வந்துக்கிட்டு? புள்ளைக்கு நீயே பாத்து எடுத்துக் குடு” என்றார். என்ன சொல்லியும் கேட்கவில்லை. சரி என்று நானே முன்னால் படியேறி, கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி, “வாங்க அண்ணி” என்றேன். கடைக்காகப் பழகிய குரலில் இல்லை, என் சொந்தக் குரலில் சொன்னேன். மூன்று மாதமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்த சொல் அது. அவர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு மஞ்சப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறி வந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் நான் பார்க்கவில்லை. பிள்ளைக்கு நாலு சுடிதார் செட் எடுத்தோம். அண்ணி எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்து, இது சாயம் போகும், அது தாங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழைய அண்ணி கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

தை மாதம் நான் மறுபடியும் வாசலுக்கே வந்துவிட்டேன். இப்போதும் கொழுந்தன்மார்கள் விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால் ‘சந்தோஷமா வாங்க’ என்று கைகூப்புகிறார்கள். ஒட்டிக்கொண்ட பெயர், இனிமேல் போகாது. நானும் அவர்களுக்கு ஈடாக இரண்டு சொல்லிவிட்டுப் போகிறேன்.

அண்ணி அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. எங்கள் வீட்டுக்கு வருகிறார், போகிறார், எப்போதும் போலக் கருவாடு கொண்டுவந்து தருகிறார். ஆனால் அந்த நாளில் அவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தை இனி என்ன செய்தாலும் என்னால் நிரப்ப முடியாது. நான் சொன்ன தப்பான வார்த்தை அவரை ஒன்றும் செய்யவில்லை. அதற்காக நான் பட்ட வெட்கம்தான் அவரைத் தனியாக உட்கார வைத்தது. இப்போதெல்லாம் கேத வீட்டுக்குப் போனால் யார் நிறுத்தினாலும் நான் வாசலில் நிற்பதில்லை. என்ன உளறித் தொலைப்பேனோ என்ற பயம் உள்ளே இருந்தாலும், நேரே போய் அந்த வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். பந்தல் நிறைய இருந்த அத்தனை கண்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன என்று நினைத்து நான் ஓடிய அந்த நாளில், வீட்டுக்குள் இரண்டு கண்கள் எனக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம், என்னை அறியாமலே என் கால்கள் வேகமாக உள்ளே நடக்கின்றன.